இஞ்சின் மிஸ்ஸிங்கும் பாகம் மாற்றும் பைத்தியமும்

மோட்டார் கார் இஞ்சின் மிஸ் ஆகிறது என்று ஒருவர் வாய் திறந்த மாத்திரத்தில், "பிளக்கை மாற்று" என்று ஒருவரும், "காயிலை மாற்று" என்று மற்றொருவரும், "சூப்பர்சார்ஜரில் கை வைத்தாயல்லவா, அதன் பலன்தான் இது" என்று மூன்றாமவரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டாலோ மூவரிடத்திலும் பதில் கிடையாது. "எல்லோருக்கும் அப்படித்தான் சரியாயிற்று" என்பதே பதில். எல்லோரும் செய்தார்கள் என்பது ஒரு காரியத்திற்குக் காரணமாகிவிடுமா என்று நாம் கேட்கிறோம். பணம் கொடுப்பவன் வேறொருவனாயிருக்கும்போது யோசனை சொல்லுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உதாரணமாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் செய்யப்பட்டு 2006 வரை வெளிவந்த மினி கூப்பர் எஸ் என்னும் கார், 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் இஞ்சின் கொண்டது. ஈட்டன் கம்பெனியாரின் சூப்பர்சார்ஜர் அதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. சூப்பர்சார்ஜர் என்பது மந்திரமல்ல. இஞ்சின் பெல்ட்டினால் சுற்றப்படும் ஒரு காற்றுப் பம்பு, அவ்வளவே. இந்த வண்டிக்காரர்களில் அநேகர் செய்யும் முதல் மாறுதல் என்னவென்றால், பம்பின் கப்பியைக் கழற்றிவிட்டு விட்டத்தில் 100க்கு 15 பங்கு சிறிய கப்பியைப் போடுவதாகும். கப்பி அவ்வளவு சிறுத்தால் பம்பு 100க்கு 17½ பங்கு வேகமாகச் சுற்றும். காற்று அதிகம், அழுத்தம் அதிகம், சூடும் அதிகம்.

அழுத்தம் கூடிய காற்றைத் தாண்டி மின்சாரப் பொறி குதிப்பது கஷ்டம். குதிப்பதற்கு வேண்டிய வோல்டேஜ், அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்று ஜெர்மனி தேசத்துப் பாஷன் என்பவர் 1889-லேயே கண்டு சொல்லிவிட்டார். ஆகவே அழுத்தத்தைக் கூட்டினவன் பிளக்கின் இடைவெளியைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். அதைச் செய்யாமல் "குளிர்ந்த பிளக் போட்டேன், இன்னமும் மிஸ் ஆகிறதே" என்பவர்கள் உண்டு. குளிர்ந்த பிளக் வேறு காரியத்துக்கு. முனை பழுக்கக் காய்ந்து, பொறி வருமுன்பே பெட்ரோலைக் கொளுத்திவிடாமலிருக்க அது வேண்டும். ஊருக்குள் மெதுவாகவே ஓடும் வண்டிக்கு அதைப் போட்டால் கரி படிந்து, அதுவே புதிதாக ஒரு மிஸ்ஸிங்கை உண்டாக்கும்!

நிற்க, கம்ப்யூட்டர் கொடுக்கும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்கள் தம் கோளாறைத் தாமே எண்ணாகச் சொல்லவேண்டும் என்று ஏற்படுத்தினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பி0302 என்று வந்துவிட்டால் அதை ஒரு அசரீரி வாக்காகக் கொண்டு 2வது சிலிண்டரின் பிளக், வயர், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் வாங்கி வருகிறார்களே, அது எந்த அறிவு? கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது இஞ்சின் தண்டு ஒரு உந்து உந்தப்படுகிறது. 2வது சிலிண்டரின் முறையில் அந்த உந்தல் வரவில்லை. அதற்குத் தெரிந்தது இவ்வளவே. பொறியில்லையா, பெட்ரோலில்லையா, வால்வு மூடவில்லையா என்பது அதற்குத் தெரியாது. தெரியுமென்று அது சொல்லவும் இல்லை.

இன்னொரு சாட்சி ஆக்ஸிஜன் சென்சார். மிஸ் ஆன சிலிண்டரில் எரியாத காற்று அப்படியே புகைக் குழாய்க்குப் போவதால், "பெட்ரோல் குறைவு" என்று அது சொல்லும். வாஸ்தவத்தில் பெட்ரோல் குறைவில்லாமலே இருக்கலாம். கம்ப்யூட்டரும் அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உள்ளோட்டை உருக்கிவிடும். விளக்கு மின்னி மின்னி எரிவது இதை எச்சரிக்கத்தான். நாலு பிளக்கின் விலை எங்கே, கன்வெர்ட்டரின் விலை எங்கே? பழைய கார் வாங்கி ஓட்டுகிற ஏழைப்பட்டவனுக்கு இது சாதாரண சங்கதியல்ல.

ஆகையால் முதலில் கேட்கவேண்டியது, எப்பொழுது மிஸ் ஆகிறது என்பதே. சும்மா நிற்கும்போது மிஸ் ஆனால் சின்னக் கப்பியின்மேல் பழி போட நியாயமில்லை. ஏனெனில் அப்பொழுது பைபாஸ் வால்வு திறந்திருக்கும். பம்பு தள்ளும் காற்று சுற்றி வருமே தவிர, இஞ்சினுக்குள் திணிக்கப்படுவதில்லை. மேட்டில் முழுக்க மிதிக்கும்போது மாத்திரம் மிஸ் ஆனால் பிளக் இடைவெளி, காயில், பெட்ரோல் போதாமை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இந்தப் போதாமையோடு மிதித்துக்கொண்டே போனால் பிஸ்டனே போய்விடும்.

அடுத்தது, கடைக்குப் போகாமலே இடம் மாற்றிப் பார்ப்பது. 2வது பிளக்கை 4வதிலும் 4வதை 2வதிலும் போட்டு ஓட்டுங்கள். கோளாறு 4வதுக்குப் போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் வயரை அதேபோல மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டை ஒன்றாக மாற்றினவன் சரியானாலும் காரணம் அறியமாட்டான். இந்த வண்டியில் 1ம் 4ம் ஒரு ஜோடியாகவும், 2ம் 3ம் ஒரு ஜோடியாகவும் காயிலைப் பங்கிட்டுக்கொள்ளுகின்றன. ஒரு ஜோடி முழுவதும் மிஸ் ஆனால் காயிலைப் பிடிக்கலாம். ஒன்று மாத்திரம் ஆனால் காயிலுக்குப் பணம் கொடுக்குமுன் நன்றாக யோசிக்கவேண்டும். பிறகு கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நாலு எண்களையும் எழுதி ஒப்பிடவேண்டும்.

வண்டியை மாற்றியமைத்ததே குற்றம், அதற்குத் தண்டனை இது என்பாரும், தாம் மாற்றியதில் குற்றமே இராது என்று வீம்பு பேசுவாரும் நமக்கு ஒன்றுதான். இருவரும் சோதிக்கவில்லை. சந்தேகமிருந்தால் பழைய கப்பியைத் திரும்பப் போட்டு அதே மேட்டில் அதே கியரில் ஓட்டிப் பார்க்கட்டும். மிஸ்ஸிங் நின்றால், சின்னக் கப்பி கேட்கிற பொறியையும் பெட்ரோலையும் இந்த இஞ்சின் இன்னும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். நிற்காவிட்டால் கப்பியை விட்டுவிட்டு வால்வைத் திறந்து பார்க்கவேண்டியதுதான்.