கோல் அடிச்சது ஆர் எண்டு ஆர் எழுதினது?

போன வருசம் எங்கட பக்கத்தில ஒரு உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம். நானும் நண்பனும் போயிருந்தம். அவன் முகநூலில் ஒரு விளையாட்டுப் பக்கம் நடத்துறான். கம்பஸ் லீவில் வீட்டை வந்தால் நானும் அதுக்கு எழுதுவன். எல்லைக் கயிற்றைத் தாண்டி நடுவர் மேசைப் பக்கம் போகப் பார்த்தம்.

“தம்பி, மீடியா காட் இருக்கோ?”

“இல்லை அண்ணை. பேஜுக்கு எழுதுறம். ரீம் லிஸ்ட் மட்டும் பாத்தாக் காணும்.”

“உதெல்லாம் சரிவராது. சனத்தோட நிண்டு பாருங்கோ.”

நிண்டு பார்த்தம். மீடியா காட் உள்ளவை பரிசளிப்புக்குத்தான் வந்து சேர்ந்தினம். இரண்டு நாள் கழிச்சுப் பேப்பரில் செய்தி வந்தது. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லாரும் பதவியோடு இருந்தார்கள். இரண்டு கோலையும் அடித்த பெடியன்ர பெயர் இல்லை.

நாங்கள் பக்கத்தில் நிண்ட சனத்திட்டக் கேட்டு அவன்ர பெயரைப் போட்டம். அது பிழையாப் போச்சு. அடுத்த நாள் காலமை மெசேஜ் வந்தது: “அண்ணா, அது நான்.” திருத்தினம். ஆனால் ஏற்பாட்டாளர்களுக்கு அது போதும்: “பாத்தியளோ, பேஜுகாரர் பிழையாத்தானே எழுதுவினம்.” பட்டியலைத் தராமல் விட்டதும் அவைதான், பிழை எண்டு சொன்னதும் அவைதான்.

இந்தக் கதவடைப்பு எங்களோடு தொடங்கியதில்லை. 2001இல் இங்கிலாந்து அணி காலியில் டெஸ்ட் ஆடியபோது வானொலி உரிமை வேறொரு நிலையத்திடம் இருந்தது. பிபிசிக்காரரை மைதானத்துக்கு வெளியே விட்டார்கள். அவர்கள் காலிக் கோட்டை மதிலில் ஏறி நின்று ஆட்டத்தைச் சொன்னார்கள். 2008இல் முதலாவது ஐ.பி.எல். தொடருக்கு இணையத்தளங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கிரிக்இன்போவும் அதில் அடக்கம். 2012இல் இந்தியக் கிரிக்கெட் சபை கெட்டி இமேஜஸ் போன்ற பட நிறுவனங்களைத் தடுத்தது. அதை எதிர்த்து ரொய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எப்.பி. மூன்றும் செய்தி போடுவதை நிறுத்தின. அமெரிக்காவில் 2007இல், கல்லூரி பேஸ்போல் ஆட்டம் நடக்கும்போதே வலைப்பதிவில் எழுதினதுக்காக ஒரு பத்திரிகையாளரைச் செய்தியாளர் பகுதியிலிருந்து வெளியேற்றினார்கள்.

அங்கேயெல்லாம் ஒரு காரணம் இருக்கு. உரிமையைக் காசு குடுத்து வாங்கினவன் ஒருத்தன் இருக்கிறான். அதிலும்கூட நீதிமன்றம் கோடு கீறியிருக்கு. 1997இல் என்.பி.ஏ. எதிர் மோட்டரோலா வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: ஒளிபரப்பு உங்களுடையது, ஆட்டத்தில் எத்தனை புள்ளி என்ற தகவல் உங்களுடையதில்லை.

இப்ப வன்னிக்கு வாங்கோ. எங்கட ஊர்ச் சுற்றுப்போட்டிக்கு ஒளிபரப்பு உரிமை வாங்கினது ஆர்? ஒருத்தரும் இல்லை. அப்ப அந்தக் கயிறு எந்தக் காசைக் காக்குது? காசை இல்லை, மரியாதையைக் காக்குது. மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவை பெரியாக்கள், அந்தப் பக்கம் நிற்கிறது சனம் என்ற பிரிப்பைக் காக்குது. ஊடக அடையாள அட்டை நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து வந்த ஒன்று. ஓமந்தையில் காட் காட்டிக் காட்டியே களைச்சுப்போன பெற்றோரின் பிள்ளைகளிடம், ஊர் மைதானத்திலும் காட் கேக்கிறது பகிடி இல்லையா?

“அதுக்கென்ன, ஒரு கிராமத்து மட்ச்தானே” எண்டு சொல்லலாம். எனக்கு அப்பிடிச் சொல்ல ஏலாது. அப்பா ஒரு காலத்தில் எங்கட ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளர். கழகத்தின்ர அல்பம், கப், பதிவுக் கொப்பி எல்லாம் இடம்பெயர்வில் போச்சு. 2009க்குப் பிறகு அவர் விளையாடினார் என்பதற்கு அவற்ற வாயைத் தவிர சாட்சி இல்லை. ஒருக்கா எல்லாத்தையும் இழந்த ஊர், இப்ப நடக்கிறதையாவது எழுதி வைக்க வேண்டாமா?

முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவை எல்லாருக்கும் தெரியும். 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் மூத்தோர் தடகளத்தில் தங்கம் வென்றார். வந்திறங்கினதும் கமெரா எல்லாம் ஓடிப்போச்சு. அதுக்கு முந்தி அவர் ஓடின ஓட்டங்கள் எத்தனை? எந்த மைதானம், என்ன நேரம்? தங்கம் வந்த பிறகு எழுதுறது வரவேற்புச் செய்தி. விளையாட்டுச் செய்தி அதுக்கு முதலே தொடங்க வேணும். அந்த வேலையைச் செய்ய ஊரில் இருக்கிறவன்தான் வேணும். அவன் கையில் போனும் கொப்பியும்தான் இருக்கும்.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேணும். பேஜ் நடத்துற எல்லாரும் ஒழுங்கில்லை. வலைப்பந்தாட்டம் ஆடுற பிள்ளையளை எடுத்து, கேவலமான தலைப்போட காணொளி போடுறவை இருக்கினம். ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் ஒரு ரீசேர்ட்டுக்கும் அனுசரணையாளரைப் புகழ்ந்து தள்ளுறவையும், அடுத்தவன்ர படத்தைப் பெயர் வெட்டிப் போடுறவையும் இருக்கினம். இதுகளுக்காக ஏற்பாட்டாளர் பயப்பட்டால் அது நியாயமான பயம். ஆனால் கயிறு இதைத் தடுக்காது. அந்தக் காணொளியைச் சனத்துக்கு நடுவில் நிண்டும் எடுக்கலாம். கயிறு தடுக்கிறது பெயர் கேட்டு எழுத வந்தவனை மட்டும்தான்.

பயத்துக்கு மருந்து விதி. பிரதேச விளையாட்டு உத்தியோகத்தரோ லீக்கோ ஒரு பக்கப் படிவம் வைக்கட்டும்: பெயர், தொடர்பு இலக்கம், பக்கத்தின் பெயர், பிழை வந்தால் திருத்துவோம் என்ற உறுதி, பாடசாலைப் பிள்ளைகளைப் படம் எடுக்கப் பொறுப்பாசிரியரின் சம்மதம். மீறினால் அடுத்த போட்டிக்கு விடவேண்டாம். உரிமை விற்றிருந்தால் நேரலையைத் தடை செய்யுங்கோ, எழுதுறதைத் தடை செய்யாதேங்கோ. ஆட்டம் முடிஞ்சதும் புள்ளித்தாளை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கோ. இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

பெரிய பேப்பர்காரரோடும் எனக்குக் கோபமில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர், அதுவும் சொற்பக் கொடுப்பனவுக்கு, வழக்கு, விபத்து, போராட்டம் எல்லாத்துக்கும் ஓடுகினம். அவர்களால் தொண்ணூறு நிமிசமும் நிற்க ஏலாது. எங்களால் ஏலும்.

அந்தப் பெடியன் இந்த வருசமும் விளையாடுறான். நாங்களும் போவம், கொப்பியோட. பொன்னாடை வேண்டாம், மேடையில் கதிரையும் வேண்டாம். ரீம் லிஸ்டை மட்டும் ஒருக்காக் காட்டுங்கோ. “அண்ணா, அது நான்” எண்டு அவன் திரும்பவும் மெசேஜ் போடக்கூடாது.