நாலு உள்ளங்கை ரப்பர்

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையில் ஒசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரையிலான பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதற்கப்புறம் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை டீக்கடைகளில் வாலிபர்கள் பேசுகிற பேச்சே மாறிவிட்டது. யார் வண்டி எத்தனை தொட்டது, எந்த இடத்தில் தொட்டது, கூட யார் இருந்தார்கள் என்பதுதான் பேச்சு. ஸ்பீடோமீட்டரைப் படமெடுத்துச் செல்போனில் காட்டுகிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது.

வேகத்தில் ஆசை இருப்பது குற்றமில்லை. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை மாட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை உள்ளே போகலாம். சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. பந்தய ஆசை உள்ள பையனுக்கு ஒரு மைதானம் காட்ட வேண்டும். அந்த மைதானத்துக்கு ஏற்ற விளையாட்டு ஒன்று இருக்கிறது, அதுதான் ஆட்டோகிராஸ்.

ஒரு காலி மைதானம். அதில் ரப்பர் கூம்புகளை வைத்துப் பாதை போடுவார்கள். ஒரு சமயத்தில் ஒரே கார்தான் ஓடும். பக்கத்தில் முட்டிக்கொண்டு வர இன்னொரு வண்டி கிடையாது, கடிகாரம்தான் எதிராளி. பெரும்பாலும் முதல் கியரும் இரண்டாவது கியரும் போதும். விரைவுச்சாலையில் சாதாரணமாகப் போகிற வேகத்தைக்கூட இங்கே தொட மாட்டீர்கள். ஆனால் திருப்பமும் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவதால், ஒரு நிமிடத்துக்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். கூம்பைத் தட்டினால் நேரம் கூட்டப்படும். அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. அமைப்பு நடத்தும் சோலோ போட்டிகளில் ஒரு கூம்புக்கு 2 விநாடி. 2 விநாடி என்பது அங்கே பெரிய தொகை, ஒரு ஓட்டத்தையே இழந்த மாதிரி. பாதையை விட்டு வேறு வழியில் புகுந்தால் அந்த ஓட்டம் கணக்கிலேயே சேராது.

நம் நாட்டில் மோட்டார் பந்தயங்களுக்கான அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அதன் அனுமதியோடு நடக்கும் போட்டியில்தான் கலந்துகொள்ள வேண்டும். போட்டி உரிமம் எடுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், ஹெல்மெட், மூடிய ஷூ, பருத்தித் துணி. காலையில் வண்டியைச் சோதிப்பார்கள்: பேட்டரி ஆடுகிறதா, வீல் நட்டு எல்லாம் இறுகியிருக்கிறதா, பிரேக் பெடல் கெட்டியாக நிற்கிறதா, சீட் பெல்ட் பிடிக்கிறதா. டேஷ்போர்டில் இருக்கும் சாமி படம், டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். திருப்பத்தில் அவை பறந்து வரும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண கார் இன்சூரன்ஸில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இடமில்லை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். போட்டியில் அடிபட்ட பம்பருக்கு க்ளெய்ம் கிடைக்கும் என்று நம்பி யாரும் போகாதீர்கள்.

ஓட்டத்துக்கு முன் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். அதைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும், முடிந்தால் இரண்டு முறை. காரில் உட்காரும்போது கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்த பாதை அங்கிருந்து பார்த்தால் வெறும் கூம்புக் கூட்டமாகத் தெரியும்.

போன மாதம் என்னிடம் ஒரு பையன் வந்தான். வேலைக்குத் தினமும் ரயிலில் பெங்களூரு போய்வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறான்.

"அண்ணா, சைலன்சர் மாத்தி, ஸ்பாய்லர் வச்சு, பதினேழு இஞ்ச் அலாய் போட்டா வண்டி நிக்குமாண்ணா?"

"இப்ப இருக்குற டயர்ல காத்து எவ்வளவு இருக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. பங்க்கில் வேலை செய்கிற பையன் நிரப்பியதுதான் என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆனால் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த நம் தாத்தாக்கள் அப்படி இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்த ஆழத்துக்குக் கேஜில் இறங்குகிற ஆளின் உயிர் கம்பிக் கயிற்றில் இருந்தது. அந்தக் கயிற்றை 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்பது சுரங்க விதி. காருக்கு அந்தக் கயிறு டயர்தான். எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் இருந்தாலும், எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும், தரையோடு பேசுவது நாலு டயரின் அடியில் உள்ள நாலு உள்ளங்கை அகல ரப்பர் மட்டும்தான். திரும்ப வேண்டுமானாலும் நிற்க வேண்டுமானாலும் அந்தப் பிடிமானத்தைப் பங்கு போட்டுத்தான் செலவழிக்க வேண்டும். முழுப் பிரேக்கையும் அழுத்திக்கொண்டே முழுசாகத் திருப்பினால் கார் திரும்பாது, நேராகச் சறுக்கிக்கொண்டு போய்க் கூம்பைத் தூக்கும். முன் சக்கரம் இழுக்கும் மாருதி, ஹூண்டாய் எல்லாவற்றிலும் புதியவர்கள் முதலில் செய்வது இதுதான்.

அதனால் நான் சொன்னது: முதல் இரண்டு மூன்று போட்டிக்குப் புது டயரே வாங்காதே. வண்டியில் இருப்பதிலேயே ஓட்டு. சாதாரணத் தெரு டயர் பிடியை இழக்கும் முன்பே கிறீச்சிட்டுச் சொல்லிவிடும், மெதுவாக வழுக்கும், மெதுவாகத் திரும்பப் பிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகியவன்தான் பிறகு நல்ல டயரின் முழுப் பலனையும் எடுப்பான். ஆரம்பத்திலேயே ஒட்டுகிற டயர் போட்டால் அது ஓட்டுபவனின் தவறை மறைத்துவிடும்.

தார் மைதானமாக இருந்தால், பாதி தேய்ந்த டயர் ஒரு கொடை. புது டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், உயரமாக இருப்பதால் திருப்பத்தில் அது நெளியும், ஸ்டீயரிங் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் ஒரு தாமதம் வரும். 3, 4 மில்லிமீட்டர் பட்டன் மிச்சம் உள்ள டயர் காய்ந்த தாரில் கூர்மையாகத் திரும்பும். ஆனால் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது சட்டப்படியே செல்லாத டயர். மழை பெய்தால் 3 மில்லிமீட்டரே பயம்தான்.

பட்டனைவிட முக்கியம் வயது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டினால் ரப்பர் இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் இறங்காது. பட்டன் புதுசு போலவே இருக்கும், பிடி இருக்காது. கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அப்படிப்பட்ட டயரை வாங்காதீர்கள். ரீட்ரெட் டயரும் இந்த விளையாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது காற்று. முன் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து தொடங்குங்கள். தாரில் ஓட்டும்போது முன் டயர்களுக்கு மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட்டலாம், டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பிறகு ஒரு சாக்பீஸ் எடுத்து டயரின் ஓரத்தில், தரையைத் தொடும் பகுதியிலிருந்து பக்கவாட்டு வரை கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் முடிந்து வந்து பாருங்கள். கோடு பக்கவாட்டு வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று ஏற்ற வேண்டும். ஓரத்தில் கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். இதைவிட நல்ல கருவியை யாரும் இன்னும் கொண்டுவரவில்லை என்பேன். டயர் சூடாக ஆகக் காற்றழுத்தமும் ஏறும். ஐந்தாறு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ. ஏப்ரல் வெயிலில் மத்தியான ஓட்டத்துக்கும் காலை ஓட்டத்துக்கும் ஒரே காற்று சரிப்படாது.

பழகிய பிறகு டயர் வாங்கும் நாள் வரும். அன்று 17 இஞ்ச் அலாய் பக்கம் பார்க்காதீர்கள். சக்கரம் கனத்தால் முடுக்கமும் பிரேக்கும் மந்தமாகும், நம் சாலைக் குழிகளில் ரிம்மும் வளையும். அளவை அதிகம் மாற்றாமல் ரப்பரை மாற்றுங்கள். அவன் ஸ்விஃப்டில் இருப்பது 185/65 ஆர்15 88எச். 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம், 15 இஞ்ச் ரிம், ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோ, மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. அதே ரிம்மில் 195/60 பொருந்தும், மொத்த உயரம் ஒரு சதவீதம்தான் குறையும். எடை எண்ணும் வேக எழுத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில டயர்களில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 400, 500 என்றால் நீண்ட நாள் உழைக்கும், பிடி குறைவு. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாக இருக்கும், சீக்கிரம் தேயும். எஸ்.சி.சி.ஏ.வின் தெரு கார் பிரிவில் 200க்குக் கீழே அனுமதியில்லை. நமக்கு 300ஐ ஒட்டிக் கிடைத்தாலே போதும், ஏனென்றால் திங்கள்கிழமை அதே வண்டியில்தான் பங்காருப்பேட்டை ரயிலைப் பிடிக்கப் போக வேண்டும். நாலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

மண் மைதானமாக இருந்தால் கணக்கே வேறு. நம் கோலார் மாவட்டத்துச் செம்மண் மேலே புழுதி, கீழே கெட்டி, நடுவில் கூரான கல். அங்கே அகல டயர் புழுதியின் மேல் மிதக்கும், ஒடுங்கிய டயர் கீறிக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாகவும் பக்கவாட்டு உயரமாகவும் உறுதியாகவும் இருப்பது நல்லது. பிடி வேண்டும் என்று காற்றை நிறைய இறக்கிவிட்டால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இந்த வகை டயரில் நம் நாட்டுக்காரர்கள் நன்றாகவே தேறியிருக்கிறார்கள். 1946இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டத்தை எஃப்ரென் லாரேனா வென்றபோது அவர் காருக்கு டயர் கொடுத்தது. அந்தப் போட்டி டயர்கள் சாலைக்கு ஆகாது. ஆனால் மண்ணில் ரப்பர் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது.

மண் என்றதும் பையன்கள் சயனைடு மேட்டைக் காட்டுகிறார்கள். சினிமாவில் பார்த்தது, வெளியூர் ஜீப்காரர்கள் வந்து ஏற்றிப் படம் போடுவது, எல்லாம் சேர்ந்து அதை ஒரு விளையாட்டுத் திடலாக ஆக்கிவிட்டன. நான் கெஞ்சிக் கேட்கிறேன், அங்கே வண்டியை ஏற்றாதீர்கள். அந்த 13 மேடுகளும் சுரங்கப் பாறையை மாவாக அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு, 3 கோடி டன்னுக்கு மேல். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் நம் வீட்டுச் சோற்றில் விழுகிறது. பாறைத் தூளைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸில் இருமி இருமிச் செத்தவர்கள் இல்லாத தொழிலாளர் லைன் இந்த ஊரில் உண்டா? அவர்கள் சம்பளத்துக்காகச் சுவாசித்தார்கள். அவர்கள் பேரன் ஒரு வீடியோவுக்காக அதே தூளைக் கிளப்பிவிட்டுச் சுவாசிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஈரம் இறங்கினால் மேடு சரியவும் செய்யும்.

வேறு இடங்கள் உண்டு. டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் இருசக்கர மண் ஓட்டத்துக்கான பிக் ராக் பயிற்சித் திடலை நம் கோலார் மாவட்டத்திலேயே நடத்திக் காட்டினார். காருக்குச் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, கோவையில் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் காரை உருவாக்கியவர், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பந்தயம் என்ற நிலையை அசைத்தவர். இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் சென்னைக்காரர்கள் சோழவரத்தில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடத்தினார்கள். கிடைத்த தரையை வைத்து அவர்கள் ஆரம்பித்தார்கள்.

தங்கவயலில் தரைக்கா பஞ்சம்? 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடியதிலிருந்து பூட்டிக் கிடக்கும் இடம் எத்தனை ஏக்கர்! 1964இல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலை இங்கே இருக்கிறது, புல்டோசரும் லோடரும் செய்யும் ஊரில் வண்டியைப் பிரித்துச் சோதிக்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. குத்துச்சண்டையிலும் கால்பந்திலும் ஹாக்கியிலும் பெயர் எடுத்த ஊர் இது. கழிவு மேட்டை விட்டு விலகி, இரண்டு கால்பந்து மைதானம் அளவுக்குக் கெட்டித்த சமதரை, நூறு ரப்பர் கூம்பு, ஒரு ஆம்புலன்ஸ், தீயணைப்பான்கள், பார்வையாளர்களைத் தள்ளி நிறுத்தத் தடுப்பு, கிளப் ஒன்றின் கையெழுத்து, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம். நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் இதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வரலாம், பெண்களும் வரலாம், ஸ்டீயரிங் அவர்களுக்கும் திரும்பும்.

அந்த ஸ்விஃப்ட் பையன் காற்றழுத்த மானி ஒன்று வாங்கிவிட்டான். முன் இடது டயரில் 24 பிஎஸ்ஐ இருந்ததாம், வலதில் 35. அப்படியேதான் விரைவுச்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். உங்கள் வண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று நாளைக் காலை, வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.