ஆள் இல்லாத ஆய்வகங்கள்

ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளுக்கு மாணவர்கள் தாங்களே செய்துபார்த்துக் கற்கும் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் பெருமையாக அறிவித்தார்கள். அவற்றை நடத்தப்போவது யார் என்று அந்த அறிவிப்பில் ஒரு சொல் இல்லை. 2016இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் ஓட்டையை அடைக்காமல், திட்டத்தை மட்டும் பெரிதாக்குகிறார்கள்.

இதுவரை பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் என்பது கணக்கு. பாதி கருவிகளுக்கு, மீதி ஐந்தாண்டு நடைமுறைச் செலவுக்கு. பொறுப்பு, பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் ஆசிரியர் தலையில். கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அவர் யார்? இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் நடத்துபவர். கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுபவர். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்குப் போகிறவர். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர். முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முனை அடைத்துக்கொண்டாலும் அவர்தான் பார்க்க வேண்டும். ஒரு சென்சார் கருகினால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும். தணிக்கையில் கேள்வி வரும். என்ன செய்வார்? பீரோவைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுவார். மேலிடத்திலிருந்து பார்வையிட வரும் நாளில் உறை விலகும், எல்இடி மினுங்கும், போட்டோ எடுப்பார்கள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உடைத்துப் பார்த்துக் கற்க வேண்டிய பாடத்தை, உடைந்தால் கையைக் கடிக்குமோ என்று பயப்படுபவரிடம் ஒப்படைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்த ஆய்வகத்தில் நடக்க வேண்டியது என்ன? ஊர்க் கிணற்று நீரின் உப்பை மாணவர்கள் மாதாமாதம் அளந்து, கோடையில் ஏன் ஏறுகிறது என்று தேடினால் அது செயல்திட்டம். அளவு தப்பும்போது 'மறுபடி எடு' என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டாமா?

தில்லிக்கு இது பழகிய கதை. 2009இல் சிபிஎஸ்இ பள்ளிகளில் தொடர் மதிப்பீடு என்றார்கள், செயல்திட்டத்துக்கான தெர்மாகோல் மாதிரிகள் ஸ்டேஷனரிக் கடையில் விலைக்குக் கிடைத்தன, 2017இல் கைகழுவினார்கள். 2011இல் மாணவர்களுக்கு ஆகாஷ் டேப்லெட் என்றார்கள். இன்று அது எந்தக் கிராமத்துப் பிள்ளையின் கையில் இருக்கிறது? தில்லியில் ஆட்சி மாறியது, புத்தி மாறவில்லை. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். பள்ளிப் பணத்தைப் பிடித்துவைத்த கை, ஆய்வகம் தருகிறதாம்!

முதலில் ஆளுக்கு வழி செய்யட்டும். உடைந்த கருவிக்கு ஆசிரியரைக் கூண்டில் ஏற்றாத விதியைக் கொண்டுவரட்டும். எப்படி என்று யோசிக்கத்தான் அவர்களுக்குச் சம்பளம். அதுவரை எண்ணிக்கையைக் காட்டி எங்களைக் கைதட்டச் சொல்ல வேண்டாம்.