கேஷ் தேடிப் போன கதை

"மாப்ளே, நாளைக்குக் காலைல கேஷ் தேடப் போறோம். வர்றியா?" என்றார் மாமா.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற ஊரில் அக்கா வீடு. மாமாவுக்கு சிப் கம்பெனியில் வேலை (உருளைக்கிழங்கு அல்ல, கம்ப்யூட்டர் சிப்). நான் போய் இறங்கிய இரண்டாம் நாள். கண் சொருகிக்கொண்டிருந்தது. 'கேஷ்' என்றதும் முழிப்பு வந்துவிட்டது. பி.காம். படித்தவன் இல்லையா? மூன்று வருஷம் கேஷ் புக், கேஷ் ஃப்ளோ என்று மனப்பாடம் செய்துவிட்டு, இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் கையில் கேஷே இல்லாமல் அலைகிற கூட்டம் நாங்கள்.

"என்ன கேஷ் மாமா?"

"ஜியோ கேஷ்."

எனக்குத் தெரிந்த ஜியோ, செல்போன் ஜியோ ஒன்றுதான். ரீசார்ஜ் செய்தால் கேஷ்பேக் கொடுக்க ஆரிகன் வரைக்குமா வந்துவிட்டார்கள் என்று வாயைப் பிளந்தேன். அக்கா பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயசு.

"ஸ்பெல்லிங்கே வேற மாமா. இது ஒளிச்சு வைக்கிற கேஷ்."

(நான் அவள் அப்பாவை மாமா என்கிறேன். அவள் என்னை மாமா என்கிறாள். "மாமா!" என்று யார் கூப்பிட்டாலும் அந்த வீட்டில் இரண்டு தலை திரும்பும். வாசகர்கள் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளவும்.)

விஷயம் இதுதான். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் ஊருக்குச் சொல்லிவிடுவார். நீங்கள் செல்போனையோ ஜி.பி.எஸ். கருவியையோ வைத்துக்கொண்டு தேடிப் போகவேண்டும். கிடைத்தால், உள்ளே இருக்கிற நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பெரிய டப்பாவாக இருந்தால் பொம்மை, கோலிக்குண்டு என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புக்கு வேறொன்றை வைக்கவேண்டும். அட, டபுள் என்ட்ரி!

"பரிசு?"

"கிடையாது."

"அப்புறம் எதுக்கு மாமா?"

"வந்து பாரு."

இந்தக் கிறுக்கு ஆரம்பித்ததே அந்த ஆரிகனில்தான். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. எதிரி உபயோகித்துவிடக் கூடாது என்று, பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். நம் ஊரில் டீக்கடைக்கு வழி கேட்டால் அடுத்த தெருவைக் கை காட்டுவார்களே, அந்த மாதிரி. 2000-ம் ஆண்டு மே 1-ம் தேதி அதிபர் கிளின்டன், இனிமேல் அந்தக் கலப்படம் வேண்டாம் என்று அறிவித்தார். அன்று நள்ளிரவே நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுக்க இருந்த கருவிகள் ஒரே ராத்திரியில் பத்து, இருபது மீட்டருக்குள் சரியாகச் சொல்ல ஆரம்பித்தன.

உங்களுக்கும் எனக்கும் இப்படி ஒரு வசதி கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம்? டேவ் அல்மர் என்பவர் மே 3-ம் தேதி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் பீவர்கிரீக் என்ற ஊர்ப்பக்கம் பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்துவிட்டு, "இந்த இடத்தில் இருக்கிறது, முடிந்தால் கண்டுபிடியுங்கள்" என்று அறிவித்தார். உள்ளே புத்தகம், வீடியோ கேஸட், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். கையெழுத்துப் போட நோட்டும் பென்சிலும். மைக் டீக் என்பவர் முதலில் கண்டுபிடித்தார். அந்த மாதக் கடைசியில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேஷிங் என்று பெயர் வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கு மேல் டப்பாக்கள். பூமி போதாதென்று 2008-ல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்துவிட்டு வந்தார். (அதைத் தேட லிஃப்ட் கேட்டுப் போகமுடியாது.)

பக்கெட் இருந்த இடம் அக்கா வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டுகிற தூரம். மாமா கூட்டிப் போனார். பக்கெட் இப்போது இல்லை. 2003-ல் பதித்த ஒரு நினைவுத் தகடுதான் இருக்கிறது. மாமா சூடம் கொளுத்தாத குறை. வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்த சட்டதிட்டப்படி, நிலத்துச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் டப்பாவை மண்ணில் புதைக்கக் கூடாது, உள்ளே சாப்பிடுகிற பொருள் வைக்கக் கூடாது. அதாவது அல்மரே இன்றைக்கு அந்த பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தால், "ஸாரி சார், அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்!

மாமா அந்த வட்டாரத்து டப்பா பைத்தியங்களுக்கு ஒருவகையில் தலைவர். தலைவர் என்றால் மாலை, மைக் கற்பனை எல்லாம் வேண்டாம். நம் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம். மாதம் ஒருமுறை கூட்டம் போடுவார். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். காட்டுக்குள் குப்பை பொறுக்க ஆட்களைத் திரட்டுவார். மற்ற நேரமெல்லாம் பஞ்சாயத்து. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்கவேண்டும். "என் டப்பாவுக்கு 150 மீட்டர்ல இன்னொருத்தன் வைக்கப் பார்க்கறான்" என்று ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். நிலத்துச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கினாயா என்று கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறவர் உண்டு. மாமா அதில் மட்டும் கறார். 2011 ஜூலையில் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒரு காப்பிக்கடை வாசலில் ஒருவர் இப்படி டப்பா வைக்க, கடைக்காரர்கள் வெடிகுண்டு என்று பயந்து, ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்கவைத்தே விட்டார்கள். உள்ளே இருந்தது விளையாட்டுச் சாமான்!

மறுநாள் என் முதல் டப்பா. சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கிங்கில் விளக்குக் கம்பம். கம்பத்தின் அடியில் தகரத்தில் ஒரு பாவாடை மாதிரி மூடி. தூக்கினால், ஃபிலிம் ரோல் டப்பா! சின்ன வயசில் அம்மா கற்பூரம் போட்டு வைப்பாரே, அதேதான். உள்ளே சுருட்டி வைத்த காகிதம். பேனாவை எடுத்தேன். அக்கா பொண்ணு தட்டிவிட்டு பென்சிலை நீட்டினாள்.

"ஏன், பேனா ஆகாதா?"

"மழைல தெரியும்."

நாய் பிடித்துக்கொண்டு போன ஒரு பெண்மணி எங்களையே பார்த்தார். விஷயம் தெரியாத நம்மைப் போன்ற அப்பாவிகளுக்கு அங்கே 'மகிள்' என்று பெயர், ஹாரி பாட்டரிலிருந்து எடுத்தது. மகிள் பார்த்தால் வேறு ஏதோ செய்கிறமாதிரி நடிக்கவேண்டுமாம். நான் கம்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தேன். அவர் வேகமாக நடந்தார்.

அதன்பிறகுதான் அன்றைக்கு உண்மையான வேலை. ஊருக்கு வெளியே மலைக்காட்டில் அக்கா பொண்ணு சொந்தமாக வைத்த டப்பாவைப் பார்க்கவேண்டும். குளிர்காலம் முழுக்க மழை. "தேடினோம், கிடைக்கவில்லை" என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். வைத்தவர்தான் பராமரிக்கவேண்டும் என்பது சட்டம். வருஷக் கணக்கில். இந்த ஒரு சட்டத்துக்காகவே நான் ஒரு டப்பா வைக்கமாட்டேன்.

அந்த டப்பாவை 2022 கோடையில் வைத்தார்கள். அப்போது எங்கள் அம்மா அங்கே போயிருந்தார். புடவைக்குக் கீழே மாமாவின் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மூச்சு வாங்க மேலே ஏறி, "இந்தப் பொந்து நல்லாருக்கு" என்று இடம் பார்த்துக் கொடுத்ததே அம்மாதானாம். நோட்டில் முதல் கையெழுத்தும் அவருடையது. திரும்பி வந்து ஒரு மாதம் தெருவில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் தவறிப்போய்விட்டார்.

ஒரு மணி நேரம் ஏறினோம். பொந்தில் டப்பா இல்லை. ஆனால் அதே மரத்தின் வேரில் ஒரு ஃபிலிம் டப்பா. உள்ளே புதுக் காகிதம். முதல் கையெழுத்து ஒரு பெரியவருடையது. எண்ணாயிரத்துச் சொச்சம் டப்பா கண்டுபிடித்த ஜாம்பவான். மாமா இந்த வட்டாரத்துக்குப் புதிதாக வந்தபோது கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பழக்கியவர். அவர் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. 'தொலைந்துதான் போயிருக்கும்' என்று தானே ஒரு டப்பாவை வைத்து, அதிலேயே கையெழுத்துப் போட்டு, 'கண்டுபிடித்தேன்' என்று கணக்கில் ஒன்று ஏற்றிக்கொண்டுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த இன்னும் இரண்டு பேர் அதுதான் அசல் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அதான் ஒரு டப்பா இருக்கே பாப்பா. விடு. கணக்கு டாலி ஆயிடுச்சு" என்றேன். ஆபீசில் ஸ்டாக் எடுக்கிறபோது நாங்கள் செய்யாததா?

"அவர் கண்டுபிடிக்கலை மாமா. வச்சார். அது பொய்."

"சின்ன விஷயம்..."

"அப்ப பாட்டி நோட்டு எங்கே?"

என்னிடம் பதில் இல்லை. இறங்கி வரும்போது யாரும் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவுக்குச் சொந்தக்காரர், பொய்க் கணக்கை நீக்கலாம். அதிகாரம் பொண்ணுடையது. ஆனால் மறுநாள் முகத்தைப் பார்க்கவேண்டியது மாமா. "அவர் மனசு நோகுமே... குரூப்பே உடைஞ்சிடும் மாப்ளே" என்றார். முப்பது பேரைச் சேர்த்து வைத்திருப்பது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். அடுத்தவன் பொய் சொல்லமாட்டான் என்கிற ஒன்றுதான். காவலாளி கிடையாது, பூட்டு கிடையாது, ஆடிட்டர் கிடையாது. ஆனால் இதை மாமாவிடம் சொல்லவில்லை. கணக்கு டாலி ஆயிடுச்சு என்று சொன்ன வாய் ஆயிற்றே.

புதன்கிழமை ராத்திரி அவள் பெரியவர் கணக்கில் ஒன்றைக் கழித்துவிட்டாள். மற்ற இரண்டு பேரை விட்டுவிட்டாள். கேட்டதற்கு, "அவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றாள்.

சனிக்கிழமை கூட்டம். பீட்ஸா கடையில் இருபது பேர். பெரியவர் நேராக அவளிடம் வந்தார். அவள் அப்பா பின்னால் போய் நின்றாள். எனக்கே வயிற்றைக் கலக்கியது. "மறுபடி அவ்வளவு தூரம் நீ ஏறவேண்டாமே என்று நினைத்தேன்" என்றார். அப்புறம், "அந்த நோட்டில் என்ன இருந்தது?" என்றார். அவள் சொன்னாள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பீட்ஸாவைக்கூட முடிக்காமல் போய்விட்டார். மாமா என்னைப் பார்த்தார். 'போச்சு' என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அக்கா வீட்டு வாசலில் அவருடைய டிரக். முழங்காலில் கட்டிக்கொள்ளும் பட்டை, நெற்றியில் விளக்கு, கூடவே ஒரு கிழட்டு நாய்.

காட்டில் அவர் தேடுவதைப் பார்க்கவேண்டுமே! ஜி.பி.எஸ்.ஸைத் தொடவே இல்லை. உயரமான மரங்கள் சிக்னலைக் குழப்பும், அதை நம்பாதே என்று பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொந்திலிருந்து மழைத் தண்ணீர் எப்படி ஓடியிருக்கும் என்று கையால் மண்ணைத் தடவிப் பார்த்தபடியே, முழங்கால் போட்டுக் கீழே இறங்கினார். பின்னாலேயே அவளும். மாமா இன்னொரு பக்கம். நான் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கைக் கவனித்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம். பெரணிப் புதருக்கு அடியிலிருந்து பெரியவர் கை தூக்கினார். டப்பாவுக்கு மூடி இல்லை. ஓரமெல்லாம் ஏதோ பிராணி கடித்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறையில் நோட்டு, ஊறின அப்பளம் மாதிரி.

வீட்டுக்குக் கொண்டுவந்து அக்கா ஹேர் டிரையரை வைத்து ஒவ்வொரு பக்கமாக உலர்த்தினாள். பேனாவில் எழுதியவர்கள் எல்லாரும் நீலமாகக் கரைந்துபோயிருந்தார்கள். பென்சிலில் எழுதியவர்கள் மட்டும் இருந்தார்கள். முதல் பக்கம், பென்சில். அம்மாவின் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு. கீழே, 'எடுத்தவர்கள் திருப்பி வைக்கவும்.'

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். காப்பி போடப் போனதாகத்தான் சொன்னாள்.

பெரியவர் ஃபில்டர் காப்பியைக் குடித்துவிட்டு, "இப்போது போடலாமா?" என்று பொண்ணைக் கேட்டார். அவள் பென்சிலைக் கொடுத்தாள். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். நானும் கை நீட்டினேன். அம்மா நோட்டில்லையா?

பென்சிலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்க மாமா தேடுனீங்க? முறுக்குதானே தின்னுட்டிருந்தீங்க?"