இரண்டு நாளில் இசை வருமா?

சென்ற கோடை விடுமுறையில் நம் தங்கவயலில் ஓர் 'இசைப் பட்டறை' நடந்தது. நம் சங்க மண்டபத்தில்தான் நடந்தது. பெங்களூரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். கிட்டார் வந்தது, கீபோர்டு வந்தது, பறை வந்தது, ஆளுயர ஒலிபெருக்கிகள் வந்தன. லைன் வீடுகளிலிருந்து ஓடிவந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்தார்கள். இரண்டு நாளும் ஒரே பாட்டு, தட்டு, ஆட்டம். இரண்டாம் நாள் மாலை மேடையில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள், நிறையப் படம் எடுத்தார்கள், ஆளுக்கொரு சான்றிதழும் கொடுத்தார்கள். இருட்டுவதற்குள் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணி, உறையில் போட்டுக் கட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் மண்டபத்து வாசலில் வந்து நின்றார்கள். "இன்னைக்கு கிளாஸ் இல்லையாண்ணா?" என்று கேட்டார்கள்.

தோழர்களே, அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. இன்று பதில் சொல்லியாக வேண்டிய வேளை வந்துவிட்டது. அதே குழுவினர் மறுபடியும் மண்டபம் கேட்டிருக்கிறார்கள். "இலவசமாக வருகிறார்கள், நமக்கென்ன நட்டம், கொடுத்துவிடலாம்" என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். போன தடவை மாதிரியேதான் நடத்துவோம் என்றால் கொடுக்கக் கூடாது என்று நாம் சொல்கிறோம். ஏன் என்பதையும் சொல்கிறோம்.

பட்டறை என்றால் என்னவென்று இந்த ஊருக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் நம் அப்பன் பாட்டன்மார் பட்டறையில் வேலை பழகியவர்கள். வைஸில் ஓர் இரும்புத் துண்டைப் பூட்டி, கையில் அரத்தைக் கொடுத்து, "நேராக ராவு" என்பார் மேஸ்திரி. ராவிக் கொண்டுபோய்க் காட்டினால் மட்டத்தை வைத்துப் பார்த்து, "வெளிச்சம் தெரியுது, போய் மறுபடி ராவு" என்று திருப்பி அனுப்புவார். ஒரு பரப்பை மட்டமாக்கப் பழகவே மாதக்கணக்கில் ஆனது. ஃபிட்டர் என்று பேர் வாங்க வருடக்கணக்கில் ஆனது. இரண்டு நாளில் ஃபிட்டர் ஆனவன் ஒருவனை இந்த ஊர் கண்டதுண்டா? அப்படி ஒருவனை நம்பிக் கூண்டில் ஏறி, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான அந்தக் குழியில் இறங்க யாராவது துணிந்திருப்போமா?

இசையும் ஒரு வேலைதான். பறை அடிக்கிற கைக்கு அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் தனித்தனியாகப் பேசப் பழக வேண்டும். ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கை துருத்தியை விட்டுவிடாமல் மறு கை கட்டைகளில் ஓட வேண்டும். பாடுகிற பிள்ளை சரளி வரிசையை மூன்று காலத்திலும் தடுமாறாமல் பாடவே பல மாதம் ஆகும். கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்று படிப்படியாக இசைத் தேர்வுகள் உண்டு. அவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் படித்துத்தான் போகிறார்கள். தமிழ்நாட்டு அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் மூன்றாண்டுப் படிப்பு. மற்றவர் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு, நம் பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு நாளா? இது என்ன கணக்கு?

இந்த ஊர் இந்தக் கணக்கை முன்பே பார்த்திருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர்கள் குழியில் இறங்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகள் தங்கம் மேலே வந்தது, வெளியே போனது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். நமக்கென்று மிஞ்சியது சயனைடு மண்மேடும், காற்றடித்தால் கண்ணில் விழும் தூசியும்தான். வருவதும், எடுப்பதும், எண்ணிக் கட்டிக்கொண்டு போவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. அன்று தங்கக் கட்டிகளை எடுத்துப்போனார்கள். இன்று நம் பிள்ளைகளின் சிரித்த முகத்தைப் படமாக எடுத்துப்போகிறார்கள். அந்தப் படங்களை எங்கே காட்டி என்ன வாங்குவார்கள் என்று நாம் கேட்டோமா? கேட்கவில்லை. கேட்காதது நம் தவறு.

"சோற்றுக்கே அலைகிறோம், பாட்டு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் உழைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களைத் திருப்பி ஒன்று கேட்கிறோம். திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வசூல் செய்து, வெளியூர் ஆர்கெஸ்ட்ராவை ஓர் இரவுக்கு அழைத்து வருகிறோமே, அந்தக் காசு யாருடையது? சோற்றுக்கு அலையும் நம் காசுதானே! ஓர் இரவு கேட்டுவிட்டுக் கலைவதற்குக் காசு இருக்கிறது. நம் பிள்ளையே அந்த மேடையில் ஏறி வாசிக்கப் பழகுவதற்கு மட்டும் காசு இல்லையா?

சுரங்கத் தொழிலாளிக்கும் இசைக்கும் என்ன உறவு என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று இருக்கிறது. யார்க்‌ஷயர் பக்கத்தில் கிரைம்தார்ப் என்றொரு நிலக்கரி ஊர். அங்கே 1917-இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு பித்தளை வாத்தியக் குழு தொடங்கினார்கள். 1992 அக்டோபரில் சுரங்கத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம் அந்தக் குழு லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நாடளாவிய போட்டியில் வென்றது. 1993-இல் சுரங்கம் மூடப்பட்டது. குழு கலையவில்லை. இன்றும் வாசிக்கிறது. அந்தக் கதையைத் தழுவி 1996-இல் ஒரு திரைப்படமும் வந்தது. அந்த ஊரில் வேலை போனது, கூலி போனது, ஆனாலும் ஊரின் பெயரை அந்தக் குழு காப்பாற்றியது. இரண்டு நாள் முகாமில் அந்தக் குழு உருவாகவில்லை. அப்பன் வாசித்ததை மகன் கேட்டு, மகன் பழகி, தலைமுறை தலைமுறையாக உருவானது.

"திறமை இருந்தால் தானாக வரும், இளையராஜா எந்தப் பள்ளியில் படித்தார்?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் பாதிக் கதைதான் அறிந்தவர்கள். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் நடுவே பாடியவர் பாவலர் வரதராசன். அவருடைய இசைக்குழுவில் ஊர் ஊராக அலைந்து வளர்ந்தவர்தான் அவருடைய தம்பி இளையராஜா. அந்தக் குழுவே அவருக்கு முதல் பள்ளி. சென்னைக்குப் போன பிறகு, எல்லாம் தெரிந்தவர் போல் இருந்துவிடாமல் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்தார். எழுதிவைத்த இசையைப் படிக்கவும் எழுதவும் கற்றார். அவ்வளவு பெரிய திறமைக்கே ஓர் ஆசான் தேவைப்பட்டார். ஆசான் கிடைக்காமல் தோட்டத்திலும் குழியிலும் அவிந்துபோன திறமைகள் எத்தனை என்று யார் எண்ணினார்கள்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாது, நடத்தையில் காட்டும். நம் தோழர் ஒருவர் மகளை ஒரு பாட்டு வகுப்பில் சேர்க்கப் போனார். கட்டணத்தைக் கையிலேயே கொண்டுபோனார். "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். லைன் பெயரைச் சொன்னார். "இப்போ இடம் இல்லை, அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. அதற்கு என்ன பொருள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. வாசிக்கிற ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

சங்கீதம் இன்னாருக்குத்தான் சொந்தம் என்று எவரும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. தஞ்சையில் சித்த மருந்து செய்து பொருள் ஈட்டிய ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் அங்கே ஒரு சங்கீத சங்கம் தொடங்கினார். சொந்தக் காசில் இசை மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடா மாநாட்டில் தம் பெண்மக்களையே மேடையேற்றித் தம் கருத்தை விளக்கினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். எந்த சபாவும் அவரை அழைத்து மாலை போடும்வரை அவர் காத்திருக்கவில்லை. தாமே சங்கம் கண்டார். பறையைச் 'சாவு மேளம்' என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். மதுரைப் பக்கத்துப் பறையிசை ஆசான் வேலு அவர்களுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறையைத் தொட வெட்கப்படும் நம்மவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். எவன் வீட்டு வாசலிலும் கட்டாயத்துக்கு அடிக்க மாட்டோம் என்பது நம் உரிமை. விரும்பிப் பழகி, தலை நிமிர்ந்து மேடையில் அடிப்போம் என்பதும் நம் உரிமைதான்.

இரண்டு நாள் வந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களில் சிலர் உண்மையான அன்போடுதான் பிள்ளைகளோடு பாடினார்கள். கிட்டாரைத் தொட்டே பாராத பிள்ளை அன்று தொட்டுப் பார்த்தது. அது சிறிய காரியமல்ல. முகாம் என்பது அடுப்பைப் பற்றவைக்கிற தீக்குச்சி. ஆனால் விறகே இல்லாத அடுப்பில் தீக்குச்சியை எத்தனை முறை கிழித்து என்ன பயன்? பிள்ளைக்கு ஆசையை மூட்டிவிட்டு, கருவியைப் பிடுங்கிக்கொண்டு போவது, ஆசையே மூட்டாமல் இருப்பதைவிடக் கொடுமை. வாசலில் வந்து நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்.

முதலாவது, ஞாயிறுதோறும் சங்க மண்டபத்தில் இசை வகுப்பு நடக்க வேண்டும். ஞாயிறு ஏன்? அன்றுதான் ரயில் ஏறுகிற பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். பெண்பிள்ளைகள் தயங்காமல் வர வேண்டுமென்றால் வகுப்பு பகலிலேயே முடிய வேண்டும்.

இரண்டாவது, ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். சேவையாகச் செய்யுங்கள் என்று கேட்கக் கூடாது. உழைப்புக்குக் கூலி கேட்டுப் போராடிய ஊர் இது. பாட்டு வாத்தியாரிடம் மட்டும் ஓசியில் வேலை வாங்கலாமா? திருவிழா ஆர்கெஸ்ட்ராவை ஓராண்டு நிறுத்துவோம். அந்தப் பணத்தில் தொடங்குவோம்.

மூன்றாவது, கருவிகள் சங்கத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். நான்கு பறை, ஓர் ஆர்மோனியம், ஒரு கீபோர்டு, இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. பூட்டிவைக்கக் கூடாது. நூலகப் புத்தகம் போல, கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றிருக்க வேண்டும். வீட்டில் பழகாத கைக்கு வகுப்பில் மட்டும் வராது.

நான்காவது, சாதி கேட்கக் கூடாது, மதம் கேட்கக் கூடாது, எந்த லைன் என்று கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையும் உருதுப் பிள்ளையும் வந்தால் நம் பிள்ளையோடு ஒரே பாயில் உட்காரட்டும். அவர்கள் பாட்டை நம் பிள்ளை படிக்கட்டும், நம் பாட்டை அவர்கள் படிக்கட்டும்.

ஐந்தாவது, வெளியிலிருந்து முகாம் நடத்த வருகிறவர்கள் வரட்டும். ஆனால் நம் நிபந்தனைக்கு வரட்டும். ஒரு முறையோடு நில்லாமல் ஆண்டு முழுதும் குறித்த இடைவெளியில் வர வேண்டும். நம் இளைஞர்களில் இருவரையாவது ஆசிரியராகத் தயார் செய்ய வேண்டும். பெற்றோர் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. போகும்போது சான்றிதழை விட்டுப் போக வேண்டாம், கருவியை விட்டுப் போகட்டும்.

இவை பெரிய கோரிக்கைகளா? மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறையைக் குடைந்த கைகளுக்கு இது பெரிய வேலையா?

பொதுக்குழு கூடுகிறது. கை தூக்கும்போது வருகிறவர்களின் வேனை நினைக்காதீர்கள், மேடை வெளிச்சத்தை நினைக்காதீர்கள். வாசலில் வந்து நின்ற பிள்ளைகளை நினைத்துக் கை தூக்குங்கள். அவர்கள் மறுபடியும் வருவார்கள். "இன்னைக்கு கிளாஸ் இல்லையாண்ணா?" என்று கேட்பார்கள். அப்போதாவது, "இருக்கு, உள்ள வா" என்று சொல்ல வாய் நமக்கு இருக்கட்டும்.