தலைமைப் பொறுப்பு தேடி வந்தால் தயங்கலாமா?



புதுக்கோட்டைப் பக்கம் திருவரங்குளத்திலிருந்து ஒரு தங்கை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறாள். வயது 32. கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒன்பது வருஷ சர்வீஸ். 2020-ல் கொரோனா வந்து ஆபீசைப் பூட்டியபோது லேப்டாப்பும் கையுமாக ஊருக்கு வந்தவள், இன்றைக்கும் மாதத்தில் பாதி நாள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாளாம். இப்போது அவளை 'டீம் லீட்' ஆக்கப் போகிறார்கள். எட்டுப் பேருக்குப் பொறுப்பு. அதில் இரண்டு பேர் அவளைவிட வயதில் மூத்த ஆண்கள்.

"அக்கா, எனக்கு புரோகிராம் எழுத வரும். ஆளுங்களை மேய்க்க வருமா? போன மாசம் எங்க டீம்ல ஒரு சின்னப் பையன் செஞ்ச தப்பால, ஒரு கஸ்டமருக்கு பில் போடற வேலை ராத்திரி பூரா நின்னுபோச்சு. மறுநாள் மீட்டிங்ல மேனேஜர் எல்லார் எதிரிலயும் அவன் பேரைச் சொல்லி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. அவன் வேலையை விட்டே போயிட்டான். லீட் ஆனா நானும் இப்படித்தான் கத்தணுமா? 'உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி'ங்கறாங்க மாமியார்" என்று கேட்கிறாள்.

கத்த வேண்டாம், தங்கையே. கத்தாமல் எப்படி என்கிறாயா? ஒரு கதை சொல்கிறேன். கதையல்ல, நடந்தது.

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பத் தயாராக நிற்கிறது. திட்டத்தின் தலைவர் நம்ம ராமேசுவரம் அப்துல் கலாம். கடைசி நேரத்தில் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. கூட இருந்த நிபுணர்கள் 'பரவாயில்லை, போகலாம்' என்றார்கள். கலாம் கிளம்பச் சொன்னார். ராக்கெட் வங்கக் கடலில் போய் விழுந்தது! வெளியே பத்திரிகைக்காரர்கள் கூட்டம். அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான், கலாமை பதில் சொல்ல விடவில்லை. தானே முன்னால் உட்கார்ந்து, பொறுப்பு தன்னுடையது என்றும், இந்தக் குழு அடுத்த முறை ஜெயிக்கும் என்றும் சொன்னார். 1980 ஜூலை 18-ல் ஜெயித்தார்கள். ரோகிணி சுற்றுப்பாதையில் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு தவான் கலாமைக் கூப்பிட்டு, 'நீங்கள் போய்ப் பேசுங்கள்' என்றார். கலாம் இதை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

தவான் நல்லவர் என்பதோடு இதை முடித்துவிடாதே. வெளியே பழியைத் தாங்கிக்கொண்டாரே தவிர, உள்ளே தப்பை யாரும் மூடி மறைக்கவில்லை. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு வால்வு சரியாக மூடாமல் திரவம் கசிந்தது என்று கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். அதனால்தான் அடுத்தது பறந்தது.

உன் டீமிலும் 'யார் செய்தது?' என்று ஆரம்பிக்காதே. 'எப்படி நடந்தது?' என்று கேள். புதுப் பையன் எழுதியது, இன்னொருவர் கண்ணில் படாமல் கஸ்டமர் வரைக்கும் எப்படிப் போயிற்று? பழையபடி மாற்றி வைக்க வழி இருந்ததா? இருந்தும் ஏன் விடிய விடிய ஆனது? பதில்களை ஒரு பக்கத்தில் எழுதி வை. அதில் ஆள் பெயர் வேண்டாம். பல கம்பெனிகளில் இதை 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்கிறார்கள். பெயர் பயமாக இருந்தாலும் காரியம் நல்ல காரியம்தான். அந்த மேனேஜர் கத்தியதில் ஒரு பையன் போனான். பில் நின்ற காரணம் அங்கேயேதான் இருக்கிறது!

அடுத்தது, நன்றாக வேலை தெரிந்தவர்களுக்கே வருகிற வியாதி: 'அவன் செய்து முடிப்பதற்குள் நானே செய்துவிடலாம்.' மருமகள் வந்த பிறகும் கரண்டியை விடாத மாமியார் மாதிரி. (உன் மாமியாரைச் சொல்லவில்லை!) 1991, 92-ல் உங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்க அதுதான் வசதி என்றுகூடச் சிலர் கண்டுபிடித்தார்கள். சைக்கிள் கற்றுக்கொடுக்கிறவள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவாள். ஒரு கட்டத்தில் சொல்லாமல் கையை எடுத்துவிடுவாள். கற்றுக்கொள்கிறவள் இரண்டு தடவை விழுவாள். கையை எடுக்காவிட்டால் ரெண்டு பேரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூத்த ஆண்கள் இருவரைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. ஒவ்வொருவரோடும் வாரம் அரைமணி தனியாகப் பேசு. அவர்கள் அனுபவத்தைக் கேள், கேட்டதில் நல்லதை அவர்கள் பெயரோடு எல்லாரிடமும் சொல். முடிவு மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும்.

வேலை பின்தங்கினால் மேலே இருப்பவர்கள் 'இன்னும் நாலு பேர் தருகிறேன்' என்பார்கள். சந்தோஷப்படாதே. ஐ.பி.எம்.மில் பெரிய குழுக்களை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், 1975-லேயே புத்தகம் போட்டு எச்சரித்த விஷயம் இது: தாமதமான வேலையில் புது ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். கல்யாணச் சமையலில் பந்தி போடுகிற நேரத்துக்கு உதவிக்கு வருகிறவளுக்குக் கடுகு எங்கே, கரண்டி எங்கே என்று சொல்லவே ஓர் ஆள் வேண்டுமே! ஆள் கேட்காதே, வேலையைக் குறைக்கச் சொல்.

தயக்கம் உனக்கு மட்டும் இல்லை. சந்திரயான்-2 திட்ட இயக்குநர் சென்னைப் பெண் எம். வனிதாவே முதலில் தயங்கினார் என்று மயில்சாமி அண்ணாதுரை சொல்லியிருக்கிறார். 2019-ல் லேண்டர் நிலாவில் மோதியது உண்மை. ஆனால் அதே திட்டத்தின் ஆர்பிட்டர் வருஷக்கணக்கில் நிலாவைச் சுற்றித் தகவல் அனுப்பியது. செங்கோட்டை நிகர் ஷாஜி 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 2023-ல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1-க்குத் திட்ட இயக்குநர்.

சரி என்று சொல்வதற்கு முன்னால் சிலதைக் கேட்டு வாங்கு. சம்பளமும் பதவிப் பெயரும் எழுத்தில் வரட்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் நீ புரோகிராம் எழுதலாம் என்று பேசிக்கொள். ஆறு மாதம் பார்த்துப் பிடிக்காவிட்டால், ஆட்பொறுப்பு இல்லாத சீனியர் இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட் வழிக்குத் திரும்ப முடியுமா என்றும் கேள். திரும்புவது தோல்வி இல்லை. டீமில் ஒரு பெண் கர்ப்பமானால் முகம் சுளிக்காமல் அவள் வேலையை முன்கூட்டியே பிரித்து வை. 2017-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் அவள் உரிமை.

ராத்திரி அவசரத்துக்கு முறை போட்டு ஒரு பட்டியல் ஒட்டு. உன் பெயரும் அதில் இருக்கட்டும், உன் முறைக்கு மட்டும். விடிய விடிய விழித்தவரை மறுநாள் காலை பத்து மணி மீட்டிங்குக்குக் கூப்பிடாதே. தூங்க விடு. நீ விழித்திருந்தாலும் அதேதான். உன் மாமியார் தலைவலி என்று பயப்படுவது பாதி இந்தத் தூக்கம் கெடுவதைத்தான். பட்டியலை அவரிடமும் காட்டிவிடு.