சீனர் வழி முன்மாதிரியாகுமா? மைசூருத் தமிழை முன்வைத்து

அயலகத் தமிழ்க்கல்வி பற்றிய கருத்தரங்குகளில் சீனரைச் சுட்டிக்காட்டித் தமிழரை இடித்துரைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. மலேசியச் சீனர் தம் பொருளைத் திரட்டி அறுபது தனியார் இடைநிலைப்பள்ளிகளைக் காத்து வருகின்றனர். 1975 முதல் தமக்கெனப் பொதுத்தேர்வே நடத்துகின்றனர். தமிழரோ தலைமுறை இரண்டு கடப்பதற்குள் மொழியைக் கைவிடுகின்றனர் என்பதே அவ்வுரைகளின் சாரம். சீனரின் ஈகையும் அமைப்பு வலிமையும் போற்றத்தக்கன, அதில் ஐயமில்லை. ஆயின் அவர்கள் காத்தது எம்மொழியை என்னும் வினா அவ்வரங்குகளில் எழுவதில்லை.

தென்கிழக்காசியாவில் குடியேறிய சீனருள் பெரும்பாலோரின் தாய்மொழி மாண்டரின் அன்று. ஹொக்கியன், தியோச்சூ, காண்டனீஸ், ஹக்கா முதலியனவே அவர்தம் வீட்டு மொழிகள். தொடக்கக்காலப் பள்ளிகள் இவற்றின் வழியாகவே கற்பித்தன. சீனத் தேசிய உணர்ச்சி ஓங்கிய 1920களை ஒட்டிப் பள்ளிகள் மாண்டரினுக்கு மாறத் தொடங்கின. சிங்கப்பூர் அரசு 1979இல் மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கி, வீட்டு மொழிகளை ஒலிபரப்பிலிருந்தும் படிப்படியாக விலக்கியது. அதன் விளைவை அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே காட்டும். 2010இல் ஐந்து அகவைக்கு மேற்பட்டோருள் 14.3 விழுக்காட்டினர் வீட்டில் இம்மொழிகளை மிகுதியாகப் பேசினர். 2020இல் அது 8.7 ஆயிற்று. ஆனால் அவற்றை விலக்கி வளர்க்கப்பட்ட மாண்டரினும் அதே காலத்தில் 35.6இலிருந்து 29.9ஆகச் சரிந்தது. ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3ஆக உயர்ந்தது. பாட்டியின் மொழியை விலையாகக் கொடுத்து வாங்கிய பள்ளிமொழி, பேரப்பிள்ளையின் வீட்டில் நிலைக்கவில்லை. தமிழும் 3.3இலிருந்து 2.5ஆகக் குறைந்தது என்பதையும் மறைத்தல் கூடாது.

சீன மொழிவகைகள் ஒன்றுக்கொன்று விளங்காதவை, தமிழ் வழக்குகளோ அத்தகையன அல்ல என மறுப்புரைக்கலாம். உண்மையே. வேறுபாடு அத்துணைச் சிறிதாக இருந்தும் அதனைக் கொச்சையென வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதற்கு என்ன நியாயம் உண்டு?

மைசூருவில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மேலுகோட்டை மரபினரான மண்டயம் ஐயங்கார்கள் பல நூற்றாண்டுகளாக வீட்டில் தமிழ் பேசி வருகின்றனர். அவர்களுள் பலர் திவ்வியப் பிரபந்தத்தை ஓதுவது கன்னட எழுத்தில் அச்சிட்ட நூலைக்கொண்டு. பெட்டதபுரம் முதலிய ஊர்களில் வாழும் சங்கேதிகளின் பேச்சு, தமிழோடு நெருங்கிய உறவுடையது. மைசூருத் தமிழ் ஒரு சாதிக்கு உரியதும் அன்று. உழைப்பின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் வந்து தங்கிய பல குடியினரின் தமிழும் அங்கு உண்டு.

இந்நகரில் 1929இல் பிறந்தவர் ஏ.கே. இராமானுசன். கீழ்த்தளத்தில் தாயாருடன் தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான தந்தையாருடன் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என அமைந்தது அவர் இளமை. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிச் சென்றபோதுதான் உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு அவர் கையில் கிடைத்தது. சங்கக் கவிதை உலகறிய மொழிபெயர்க்கப்பட்டமைக்கு அத்தற்செயல் நிகழ்ச்சியே கால்கோள். தமிழ் பேசும் வீட்டிலிருந்து குறுந்தொகைக்குச் செல்லும் வழி சிகாகோவைச் சுற்றிச் சென்றதனைத் தமிழுலகம் பெருமையாகவே பேசிவருகிறது. சிகாகோ செல்லாத பிற பிள்ளைகளின் நிலை பற்றிய பேச்சு அரிது.

இவ்விழப்புக்குக் கன்னடத்தைக் காரணமாக்குவோரும் உளர். கன்னட மண்ணில் வாழ்வோர் கன்னடம் கற்பது முறை. கற்ற கன்னடம் தமிழ் கற்கத் தடையுமன்று. உண்மையான இடர்ப்பாடு பாடநூலில் உள்ளது. தமிழகப் பிள்ளைக்கென எழுதப்பட்ட நூல், கன்னட எழுத்தறிந்த பிள்ளையின் கையில் கொடுக்கப்படுகிறது. ககரத்துக்கு நான்கு எழுத்துகளை அறிந்த அப்பிள்ளை, ‘பகல்’ என்பதிலுள்ள ககரத்தையும் ‘தம்பி’ என்பதிலுள்ள பகரத்தையும் வல்லொலியாகவே படிக்கிறது. அச்சொற்களை வீட்டில் செம்மையாக ஒலிக்கும் பிள்ளைக்கு, ஏட்டிலுள்ளவை வேற்றுச் சொற்களாகத் தோன்றுகின்றன. இடைநின்ற வல்லினமும் மெல்லினத்தை அடுத்த வல்லினமும் நெகிழ்ந்து ஒலிக்கும் என்னும் விதி தமிழகத்துப் பிள்ளைக்குத் தேவையற்றது. மைசூருப் பிள்ளைக்கோ அதுவே முதற்பாடம். இதனோடு ‘சாத்தமுது’ என்ற பிள்ளையை ‘இரசம்’ எனத் திருத்தும் ஆசிரியரும் வாய்த்துவிட்டால், தான் பேசுவது தமிழே அன்று என அப்பிள்ளை முடிவு செய்வதில் வியப்பில்லை.

பேச்சுத்தமிழைப் பாடத்துள் புகுத்தினால் மொழி சிதையும் என்னும் அச்சம் பழையது. சிங்கப்பூரில் தமிழ்க் கலைத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005இல் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. எழுத்துத்தமிழ் அதனால் அங்கே கைவிடப்படவில்லை. சீனரிடம் முன்மாதிரி தேடுவோர், அதே நாட்டுத் தமிழாசிரியர்களின் பட்டறிவைக் கேட்டறியாமை விந்தையே.

1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூருவிலேயே உள்ளது. அதன் தென்மண்டல மொழி மையம் பிற மாநில ஆசிரியர்களுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்து வந்துள்ளது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையமும் 2006இல் அங்கேதான் தொடங்கி, 2008இல் சென்னைக்கு மாறியது. தமிழறியாதார்க்குத் தமிழ் கற்பிக்கும் முறையியல் அந்நகருக்குப் புதிதன்று. வீட்டில் தமிழ் பேசியும் படிக்கவறியாத பிள்ளைக்கு வேறொரு முறையியல் வேண்டும். அதற்கான மூலப்பொருள் தமிழ்த்துறைகளின் வட்டார வழக்காய்வேடுகளில் கிடக்கிறது. பட்டம் பெற்றபின் அவ்வேடுகளைப் பாடநூலாக்குவாரைக் காண்பது அரிது. அயலகத் தமிழ்க்கல்விக் கருத்தரங்குகளின் அடுத்த பொருளாக அவற்றை வைக்கலாம். ‘பகல்’ என்னும் சொல்லைக் கன்னட எழுத்திலும் தமிழ் எழுத்திலும் அருகருகே எழுதிக் காட்டும் ஒரு பக்கத்திலிருந்து அப்பாடநூல் தொடங்கட்டும்.